பட்டாவுக்கு முன்னால் மனை யாருடையது? நான்கெல்லையைப் பிடித்துப் போங்கள்

எட்டயபுரத்தில் அம்மா வழித் தாத்தாவின் மனை மூன்றரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் வாங்குவதற்கு முன் அது யாரிடம் இருந்தது என்று தேடப் புறப்பட்டபோது, எல்லோரையும் போல நானும் சர்வே நம்பரை வைத்துக்கொண்டு வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தேன். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-க்கு அப்பால் போகாது. நம்பரும் உதவாது. 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் கணக்கெடுப்பில் எத்தனையோ ஊர்களில் நம்பர்கள் மாறிவிட்டன. ஜமீன் ஊர்களின் பழைய பத்திரங்களில் சர்வேக்கு முந்தைய அளவையின் பைமாஷ் நம்பர் இருக்கும். வீட்டு மனையென்றால் பல சமயம் எந்த நம்பரும் இருக்காது. ஆனால் எந்தப் பத்திரத்திலும் நான்கெல்லை, அதாவது நான்கு பக்கமும் யார் மனை, என்ன இருக்கிறது என்ற விவரம், உண்டு. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வீட்டில் இருப்பதிலேயே பழைய பத்திரத்தை எடுத்து ஒரு சொல் விடாமல் தனித்தாளில் எழுதுங்கள். எங்களுடையது பவ வருஷம் ஆவணி மாதத்துப் பத்திரம், அதாவது 1934. பசலி என்ற பழைய வருவாய்க் கணக்கு ஆண்டு மட்டும் போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். 1344-ஆம் பசலி 1934 ஜூலையில் தொடங்குகிறது. சொத்து விவரத்தில் 'கிழமேல் ஜாதியடி 28, தென்வடல் ஜாதியடி 54' என்று இருந்தது. ஜாதியடி என்பது நாம் சொல்லும் சாதாரண அடிதான். டேப் பிடித்து அளந்தேன், சரியாக வந்தது. அளவு ஒத்துப்போனால்தான் அது இதே மனை என்று நம்பி மேலே போகலாம்.

அடுத்து, எழுதிக்கொடுத்தவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் வரி. 'பிதுரார்ஜிதம்' என்றால் தகப்பன் வழி, 'சுயார்ஜிதம்' என்றால் அவரே சம்பாதித்தது. எங்கள் பத்திரத்தில் 'என் தாயார் மூலமாய் எனக்குப் பாத்தியப்பட்டு' என்று தெளிவாக இருந்தது. அதைக் கவனிக்காமல் அவருடைய தகப்பனார் பெயரில் பல மாதம் தேடினேன். எதுவும் அகப்படவில்லை.

பத்திரத்தின் பின்பக்கம் 1 புத்தகம் (அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் புத்தகம்), வால்யூம், பக்கம், பதிவு நம்பர், பதிவு ஆபீஸ் முத்திரை எல்லாம் இருக்கும். அந்த ஆபீஸின் பழைய வால்யூம்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று விசாரித்துவிட்டு மனுப் போடுங்கள். 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, 1 புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். பெயர் அட்டவணையில் எழுதிக்கொடுத்தவராகவும் எழுதி வாங்கியவராகவும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். அடமானம், பாகப்பிரிவினை எதையும் தள்ளிவிடாதீர்கள்.

அப்படியும் கிரயப் பத்திரம் அகப்படாமல் போகலாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. சொத்தைக் கையில் ஒப்படைத்தாலே போதும். அந்தக் காலத்துச் சின்ன ஊர் மனைகள் பல எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் கைமாறியவை. இந்த இடத்தில்தான் பலர் தேடலை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், பக்கத்து மனைக்காரரின் பத்திரத்தைப் பாருங்கள். உங்கள் மனைதான் அவருக்கு ஒரு பக்கத்து எல்லை.

எங்களுக்குக் கிழக்கு வீட்டு ஆச்சி முதலில் தயங்கினார். "எங்க பத்திரம் உனக்கு எதுக்குய்யா?" என்றார். "ஆச்சி, எங்க மனை யாருதுன்னு உங்க பத்திரத்துலதான் எழுதியிருக்கும்" என்றேன். தகரப் பெட்டியிலிருந்து 1921-ஆம் வருடத்துப் பத்திரம் ஒன்றை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. மேற்கெல்லையில் 'அம்மாள் மனை' என்ற சொற்களும் அதற்கு முன் ஒரு பெயரும் இருந்தன. தாத்தாவுக்கு விற்றவரின் தாயார் அவர்தான் என்று ஆச்சியே சொன்னார்.

ஜமீன் ஊரோ, அரசுக்கு நேரே வரி கட்டிய ரயத்துவாரி ஊரோ, தாலுகா ஆபீஸில் ஊரின் நிலப் பட்டியலான அ-பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடான எஸ்எல்ஆர், குடியிருப்பு நிலத்துக்கான நத்தம் கணக்கு மூன்றையும் கேட்டுப் பாருங்கள்; பழைய நம்பர், புது நம்பர் ஒப்பீடும் அங்கே கிடைக்கலாம். மானியமாக விடப்பட்ட இனாம் ஊரென்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் அந்த இனாம் யாருக்கு, எதற்காக விடப்பட்டது என்ற விவரம் இருக்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பட்டா, வரி ரசீது இரண்டும் அனுபவத்தைக் காட்டும், கைமாறிய கதையைப் பத்திரம்தான் சொல்லும்.

அந்த அம்மாளின் பெயரோடு மறுபடி அட்டவணையைப் பார்த்தேன். 1917-இல் 150 ரூபாய்க்கு மனையை அடமானம் வைத்திருக்கிறார். உள்ளே 'நாளது தேதிக்கு ஒன்பது வருஷத்துக்கு முன் 80 ரூபாய்க்குக் கிரயம் பெற்று நான் அனுபவித்து வருகிற மனை' என்ற வரி. அப்படியென்றால் 1908. விற்றவர் பெயரும் அதற்கடுத்து இருந்தது. நகலின் கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், பெயருக்குப் பக்கத்தில் 'கீறல்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.