முதல்ல ஓட்டையை அடைங்க, அப்புறம் தண்ணி இறைங்க: போன்ல சேர்ற குப்பையை குறைக்கிறது எப்படி

போன வருஷம் அம்மாவை தைராய்டு செக்கப்புக்கு கூட்டிட்டு போயிருந்தேன். டாக்டர் ‘பழைய ரிப்போர்ட் இருக்கா’ன்னு கேட்டாரு, ‘போன்லயே இருக்கு சார்’னு பெருமையா சொல்லிட்டு கேலரியை திறந்தேன். ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், முருகர் படத்தோட இனிய செவ்வாய்க்கிழமை, யாரோ வீட்டு வளைகாப்பு, ஈபி பில் ஸ்க்ரீன்ஷாட், எங்க தெரு பூனையை நானே பதினாலு தடவை எடுத்த படம், மறுபடி ரோஜாப்பூ. தள்ளிக்கிட்டே இருக்கேன், ரிப்போர்ட் மட்டும் வரல. வெளிய டோக்கன் வாங்கி உக்காந்திருந்தவங்க கதவை எட்டி எட்டி பார்க்குறாங்க. டாக்டர் ‘விடுங்கம்மா, இன்னொரு தடவை எடுத்துருங்க’ன்னு சீட்டு எழுதி குடுத்துட்டாரு. ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் அம்மா ஒரு வார்த்தை பேசல. ராத்திரி தேடினா டவுன்லோட்ஸ்ல இருக்கு, ‘டாக்’னு ஆரம்பிச்சு தேதியும் நம்பருமா ஒரு பேரு. அதை எவன் ஞாபகம் வெச்சுப்பான்.

அன்னைக்கே ஆவேசமா உக்காந்து மூவாயிரம் படம் டெலீட் பண்ணேன், ரெண்டு மாசத்துல திரும்ப அதே நிலைமை. அப்பதான் உறைச்சுது. வேளச்சேரில தரைத்தளத்துல குடியிருந்த யாரை வேணா கேளுங்க, 2015 வெள்ளத்துலயும் சரி, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சரி, வீட்டுக்குள்ள தண்ணி ஏறினா முதல்ல வாளியை தூக்கக்கூடாது, பாத்ரூம் ஓட்டைல சாக்கை வெச்சு அடைக்கணும், இல்லன்னா நீங்க வாசல் வழியா இறைக்க இறைக்க அது பின்னாடி வழியா வந்துட்டே இருக்கும். போனும் அதேதான். அதுல இருக்குற குப்பைல பாதிக்கு மேல நீங்க போட்டது கிடையாது, மத்தவங்க அனுப்பினது. அதனால டெலீட் பட்டனை கடைசிலதான் தொடணும்.

பெரிய ஓட்டை வாட்ஸ்அப். செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாக்குள்ள போனா மீடியா ஆட்டோ டவுன்லோட்னு இருக்கும், மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூணுலயும் எல்லா டிக்கையும் எடுத்துருங்க. இனிமே படம் மங்கலா வரும், வேணும்னா தொட்டா இறங்கும், வேண்டாம்னா அது பாட்டுக்கு கிடக்கும். அடுத்து அதே செட்டிங்ஸ்ல சாட்ஸ், அங்க மீடியா விசிபிலிட்டியை ஆஃப் பண்ணுங்க, ஐபோன்காரங்களுக்கு சேவ் டு ஃபோட்டோஸ்னு இருக்கும். இதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல இறங்குற படம் கேலரில வந்து உக்காராது. ஏற்கனவே கேலரிக்கு வந்தது போகாது, புதுசா வர்றதுதான் நின்னு போகும், அது போதும் இப்போதைக்கு. அப்படியே பிரைவசில குரூப்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதை மை கான்டாக்ட்ஸ்னு மாத்துங்க, மனை விக்கிறவன் ஷேர் டிப்ஸ் குடுக்கிறவன்லாம் உங்களை கேக்காம குரூப்ல தூக்கி போடுறது நிக்கும்.

இப்ப குரூப் விஷயம், இதுலதான் எல்லாரும் பயப்படுறாங்க. மிக்ஜாம் அப்போ எங்க ஏரியால பால் எங்க கிடைக்கும் போட் எங்க வருதுன்னு சொல்ல ஒரு குரூப் ஆரம்பிச்சாங்க, சத்தியமா அந்த நாலு நாள் அதுதான் எங்களுக்கு உசுரு. தண்ணி வடிஞ்சுது, குரூப் வடியல. இருநூத்து சொச்சம் பேரு, இப்ப அதுல டிபன் கேட்டரிங் விளம்பரமும் மூட்டு வலிக்கு எண்ணெயும் ஓடிட்டு இருக்கு, வெளிய போனா என்ன நினைப்பாங்களோன்னு நானும் ரெண்டு வருஷம் அதுலயே இருந்தேன். 2022லேர்ந்து நீங்க குரூப்பை விட்டு போனா எல்லாருக்கும் தண்டோரா போடாது, அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். (தோண்டி பார்த்தா போனவங்க லிஸ்ட் 60 நாளைக்கு தெரியும், ஆனா அதை தோண்டுற ஆளு உங்க சித்தப்பாவா இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.)

அதனால சொந்தக்கார குரூப்பை விட்டு போகாதீங்க, அந்த வம்பு வேண்டாம். மியூட்ல ஆல்வேஸ் போட்டு ஆர்கைவ் பண்ணிருங்க. ஆர்கைவ் ஆனது புது மெசேஜ் வந்தாலும் மேல ஏறி வராது, செட்டிங்ஸ்ல கீப் சாட்ஸ் ஆர்கைவ்டு ஆன்ல இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. வாரத்துக்கு ஒரு தடவை உள்ள போய் பெரியம்மாவோட குட்மார்னிங்குக்கு ஒரு கும்பிடு போட்டா போதும், அவங்களும் அதுக்கு மேல எதிர்பார்க்கல. அபார்ட்மென்ட் குரூப் மட்டும் மேலயே இருக்கட்டும், லாரி தண்ணி வர்ற நேரம் அங்கதான் தெரியும். ஸ்கூல் குரூப்பும் அப்படியே.

அடுத்த ஓட்டை எஸ்எம்எஸ். மெசேஜ்ல ஸ்டார்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்க, விளம்பரம் எல்லாத்தையும் தடுக்க சொல்றது அது. ஓடிபியும் பேங்க் மெசேஜும் வழக்கம்போல வரும், அந்த பயம் வேண்டாம். இப்பல்லாம் அனுப்பினவங்க பேருக்கு கடைசில ஒரு கோடு போட்டு ஒரு எழுத்து வருது பாருங்க, பி-ன்னா விளம்பரம், டி-ன்னா பண பரிவர்த்தனை ஓடிபி மாதிரி, எஸ்-ன்னா சர்வீஸ், ஜி-ன்னா கவர்மென்ட். பி எல்லாம் கண்ணை மூடிட்டு தூக்கலாம். ஆனா உண்மைய சொல்லணும்னா நம்பரை நாமளேதான் ஊரெல்லாம் இறைச்சுட்டு வர்றோம், தி.நகர்ல புடவை எடுத்தா பில் போடுறதுக்கு முன்னாடி நம்பர் கேக்குறாங்க, நாமளும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்றோம். நம்பர் குடுத்தாதான் பில்லுன்னு கடை வற்புறுத்தக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறை 2023லயே சொல்லியாச்சு. ‘நம்பர் வேணாம்மா, பில் மட்டும் போடுங்க’ன்னு சொல்லி பாருங்க, முதல் தடவை கூச்சமா இருக்கும்.

நோட்டிஃபிகேஷனுக்கு நான் வெச்சிருக்குற சட்டம் ஒண்ணே ஒண்ணு, மனுஷன் கூப்பிட்டா சத்தம் வரலாம், கடை கூப்பிட்டா வரக்கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு ‘பஜ்ஜி சாப்பிடலாமா’ன்னு ஒரு ஆப் நம்மளை கேக்குது, பெத்த தாய் கூட கேக்கல. ஆண்ட்ராய்டுல அந்த நோட்டிஃபிகேஷனை அழுத்தி பிடிச்சா செட்டிங்ஸ் வரும், அதுல வகை வகையா பிரிச்சிருப்பாங்க, ஆர்டர் அப்டேட்டை வெச்சுட்டு ஆஃபரை மட்டும் ஆஃப் பண்ணலாம். ஒரே நாள்ல பண்ண வேண்டாம், வர வர ஒவ்வொண்ணா கழுத்தை பிடிங்க, பத்து நாள்ல போன் அமைதியாயிடும். எனக்கு நாலாவது நாள் போன் ரிப்பேர்னே சந்தேகம் வந்துடுச்சு.

ஓட்டை அடைச்சாச்சுன்னா இப்ப வாளியை எடுங்க. திரும்ப வாட்ஸ்அப் ஸ்டோரேஜ், அதுல மேனேஜ் ஸ்டோரேஜ். பல தடவை ஃபார்வர்டு ஆனது தனியா, 5 எம்பிக்கு மேல இருக்குறது தனியான்னு அதுவே பிரிச்சு வெச்சிருக்கும். ஃபார்வர்டு ஆனதை யோசிக்காம மொத்தமா தட்டுங்க, எனக்கு அதுலயே மூணு ஜிபி போச்சு. 5 எம்பிக்கு மேல உள்ளதை மட்டும் ஒரு கண்ணு பார்த்துட்டு தட்டுங்க, கல்யாண வீடியோ ஏதாவது இருக்கும்.

ஆனா தனித்தனி ஆளுங்க சாட்டுக்கு வந்தா கொஞ்சம் நிதானம். அப்பா போய் மூணு வருஷமாச்சு. அவர் சாட்டை கிளியர் பண்ண போன கடைசி செகண்ட்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் கண்ணுல பட்டுது, ஆறு செகண்டுதான், ‘அம்மு, மோட்டாரை போட்டுட்டு எங்கம்மா போன, தொட்டி வழியுது’. பின்னாடி தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது. இந்த மாதிரி இருக்குறதை முதல்ல ஸ்டார் போடுங்க, கிளியர் சாட் குடுக்கும்போது ஸ்டார் போட்டதையும் அழிக்கணுமான்னு ஒரு டிக் வரும், அதை எடுத்துட்டு குடுங்க. அதோட நிக்காம அந்த மெசேஜை ஷேர் பண்ணி கூகுள் டிரைவ்லயும் ஒரு காப்பி போட்டு வைங்க, ஒரே இடத்தை நம்பாதீங்க.

போட்டோவுக்கு வருவோம். கூகுள்ல ஓசில கிடைக்கிறது 15 ஜிபி, அதுல மெயில், டிரைவ், போட்டோ மூணும் பங்கு. 2021 ஜூன் 1 வரைக்கும் போட்டோ கொஞ்சம் சுருக்கி வெச்சா கணக்குல வராது, அப்புறம் அதுவும் வர ஆரம்பிச்சுது, 2024ல ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்குல சேர்ந்துடுச்சு. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’னு மிரட்டினதும் நானும் மாசம் 130 ரூபா கட்டி 100 ஜிபி வாங்கினேன். பரண்ல இடம் இல்லன்னு இன்னொரு பரண் கட்டினா அதுலயும் பழைய குக்கரைத்தான் ஏத்துவோம்.

கேமரா போட்டோல ஆரம்பிக்காதீங்க, கொடைக்கானல் போட்டோ ஒண்ணு வரும், அதை தங்கச்சிக்கு அனுப்புவீங்க, அவ போன் பண்ணுவா, சாயங்காலம் ஆயிடும். ஸ்க்ரீன்ஷாட்ஸ் ஃபோல்டர்ல ஆரம்பிங்க, பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட், முடிஞ்சு போன மெட்ரோ டிக்கெட் க்யூஆர், ஆறு மாசம் முன்னாடி பார்த்த குர்தி விலை, மனசுக்கு ஒட்டாத சாமான்தான் எல்லாம். அப்புறம் வீடியோ. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, கூகுள் போட்டோஸ் ஆப்ல டெலீட் குடுத்தா போன்லயும் போகும், மேல கிளவுட்லயும், அதாவது கூகுள்கிட்ட இருக்குற காப்பியும் போகும். ‘மேல பேக்கப் இருக்கே’ன்னு நினைச்சு டெலீட் பண்ணி அழுதவங்களை எனக்கு தெரியும். போன்ல மட்டும் காலி பண்ண ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு தனியா இருக்கு. தப்பா போனாலும் பேக்கப் ஆன படம் பின்ல 60 நாள் கிடக்கும்.

ஆதார், லைசென்ஸ், ஆர்சி இதையெல்லாம் கேலரில போட்டோவா வைக்கவே வேண்டாம், டிஜிலாக்கர்னு கவர்மென்ட் ஆப் இருக்கு, அதுல இறக்கினா அது ஒரிஜினலுக்கு சமம்னு சட்டமே சொல்லுது, வண்டியை நிறுத்தினாலும் அதையே காட்டலாம். மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு டிரைவ்ல ஒரு ஃபோல்டர், ஃபைல் பேரு வருஷத்துல ஆரம்பிக்கணும், ‘2025-06 அம்மா தைராய்டு’ இப்படி. வருஷம் முன்னாடி வந்தா தானா வரிசைல நிக்கும். ரிப்போர்ட் கைக்கு வந்த அன்னைக்கே, லேப் வாசல்லயே நின்னு பேரை மாத்திருங்க, வீட்டுக்கு போய் பண்ணலாம்னா நடக்காது.

மெயில்ல பெருசா ஒண்ணும் இல்ல. தேடுற இடத்துல லார்ஜர்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு கோலன் வெச்சு 10எம் போடுங்க, 10 எம்பிக்கு மேல உள்ள மெயில் மட்டும் வரிசையா வரும். தெரிஞ்ச கம்பெனி மெயில்னா மேல வர்ற அன்சப்ஸ்க்ரைப், தெரியாத ஆளுன்னா உள்ள எந்த லிங்க்கையும் தொடாம ஸ்பேம்.

ஆப் டெலீட் பண்றப்ப ஒரு சங்கதி மறந்துடுவோம், ஆப்பை தூக்கினா சந்தா நிக்காது, பணம் மாசா மாசம் போய்ட்டே இருக்கும். உங்க யூபிஐ ஆப்ல ஆட்டோபேன்னு தேடி பாருங்க, எதெதுக்கு அனுமதி குடுத்திருக்கீங்கன்னு லிஸ்ட் வரும். எனக்கு ஒரு தியான ஆப் வந்துச்சு, மனசு அமைதியாகட்டும்னு போட்டது, எட்டு மாசமா காசு எடுத்திருக்கு, நான் தியானம் பண்ணது ரெண்டு நாள். பணம் எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு, எனக்கும் வந்திருக்கு, புடவைக்கடை ஆஃபருக்கு நடுவுல முங்கி போச்சு.

இதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் போதும், நான் ஞாயித்துக்கிழமை மோட்டார் போடுற நேரத்தை வெச்சிருக்கேன், எங்க தொட்டி நிரம்ப இருபது நிமிஷம், அதுக்குள்ள அந்த வார ஸ்க்ரீன்ஷாட்டும் வீடியோவும் முடிஞ்சுடும். போன வாரம் டெலீட் பண்ற மும்முரத்துல விட்டுட்டேன், மேல தண்ணி கொட்டி கீழ்வீட்டுக்காரங்க காயப்போட்ட வடாம் மொத்தமும் நனைஞ்சு போச்சு. அபார்ட்மென்ட் குரூப்ல போட்டோவோட போட்டிருக்காங்க. அந்த படத்தை மட்டும் இன்னும் டவுன்லோட் பண்ணல.