பயிற்சியில் தேறி ஆட்டத்தில் தவறிய சர்வீஸ்: என் அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் நான் இறகுப்பந்துப் பயிற்சி அளிக்கும் மாணவி ஒருவரின் குட்டை சர்வீஸ், பயிற்சியில் வலையை உரசினாற்போல் கடந்து கோட்டருகே இறங்கும். ஆட்டத்திலோ வலையில் சிக்கும், அல்லது எழும்பி எதிராளிக்கு வாகாக அமையும். பல வாரங்களை இது விழுங்கியது.

பதற்றமாக இருக்கலாம் என்று மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். பிடியையும் மணிக்கட்டையும் காணொளியில் பார்த்தேன், குறை தென்படவில்லை. சர்வீஸ்களைக் கூட்டியபோது பயிற்சி மெருகேறியதே தவிர, ஆட்டம் மாறவில்லை.

விடை, அவருடைய இடப்பக்கம் இருந்த ஷட்டில் கூடையில் கிடைத்தது. கூடையிலிருந்து எடுத்து அடுத்தடுத்து அடிக்கும்போது முந்தைய அடியின் இயக்கத்திட்டம் (உடலை எப்படி அசைப்பது என்ற கட்டளை) செயல்நினைவில், அதாவது அப்போதைக்கு மட்டும் தங்கும் நினைவில், ஆறாமல் இருப்பதால், மூளை அதை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை. ஆட்டத்திலோ நீண்ட ராலிக்குப் பிறகு (இருவரும் மாறி மாறி அடிக்கும் தொடர்), தரையில் கிடப்பதைக் குனிந்து எடுத்து, கசங்கிய இறகை நீவிவிட்டு, ஒவ்வொரு முறையும் அத்திட்டத்தைப் புதிதாக வரவழைக்க வேண்டும். அசைவுகளை நாம் கற்கும் விதத்தை ஆராய்ந்த ஷியா, மோர்கன் ஆகியோரின் 1979ஆம் ஆண்டு ஆய்விலும், வெவ்வேறு அசைவுகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியில் தடுமாறினாலும் பிந்தைய சோதனையில் முந்தினர்.

கூடையை அகற்றி ஒரே ஷட்டிலைக் கொடுத்தேன்: ஒரு சர்வீஸ், ஸ்மாஷும் டிராப்பும் கலந்த ஒரு ராலி, நடந்து சென்று எடுத்தல், மீண்டும் சர்வீஸ். ஒவ்வோர் அடிக்கும் திருத்தம் சொல்வதையும் நிறுத்தினேன். அன்று பிழைகள் கூடின (பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை). அன்றைய கணக்கை விட்டுவிட்டு, மறுநாள் காலை வேறெதற்கும் முன் அடிக்கும் முதல் சில சர்வீஸ்களை மட்டும் குறித்துவந்தேன். முதலில் தேறியவை அவையே. அடுத்த போட்டியில் ஆட்டத்திலும் சர்வீஸ் கோட்டருகே இறங்கியது.