வங்கி இணைப்புக்குப் பின் ஒரே கிளையில் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் 1 அன்று பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காயின. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. யூனியன் வங்கியிலும் பஞ்சாப் நேஷனல் வங்கியிலும் தலா இரண்டு வங்கிகள் கலந்தன. நாடே ஊரடங்கில் இருந்த நேரம் அது. இப்படிப்பட்ட இணைப்புகளில் ஊழியர்களுக்குள் மனக்கசப்பு வர, பெரும்பாலும் மென்பொருளே முதல் காரணமாகிறது.

அலகாபாத் வங்கியிலும் இந்தியன் வங்கியிலும் ஓடியது பேங்க்ஸ் (BaNCS) என்ற ஒரே வங்கி மென்பொருள்தான். அப்படியிருந்தும் கணக்குகள் முழுவதும் ஒரே அமைப்புக்கு வந்து சேர 2021 பிப்ரவரி ஆனது. வேறு மென்பொருளுக்கே மாற நேர்ந்தால், இருபது வருடம் கடன் பிரிவைக் கட்டி ஆண்டவர்கூட ஒரு சாதாரண என்ட்ரிக்கு எந்த மெனு என்று ஜூனியரிடம் கேட்க வேண்டிவரும். அந்தத் தயக்கத்தைப் பார்த்து "இவருக்கு வேலை தெரியாது" என்று முடிவு கட்டுவதுதான் பெரிய தவறு. அவருக்குத் தெரியாதது மெனு மட்டும். ஒரு கடன் விண்ணப்பத்தில் எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருக்கு அத்துபடி.

இதிலிருந்து ஆபத்தான இன்னொரு பழக்கம் கிளம்புகிறது. கவுன்டரில் கூட்டம் நெரிகிறது, வேறு வங்கியிலிருந்து வந்த ஊழியர் திணறுகிறார். "தள்ளுங்க சார், நான் போட்டுடறேன்" என்று பக்கத்துக்காரர் அவருடைய ஐடியிலேயே வேலையை முடித்துவிடுகிறார். நாளடைவில் பாஸ்வேர்டும் கைமாறுகிறது. வங்கியில் ஒருவர் என்ட்ரி போட, வேறொருவர் சரிபார்த்து பாஸ் செய்வதே பாதுகாப்பு. இரண்டையும் ஒரே கை செய்தால் அந்தப் பாதுகாப்பு காகிதத்தில்தான் இருக்கும். நாளை கணக்கில் இடித்தால், ஐடி யாருடையதோ அவர்தான் விசாரணையில் பதில் சொல்ல வேண்டும். உதவ நினைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவரையே தட்டச் சொல்லட்டும். வரிசை பத்து நிமிடம் நீளும், நீளட்டும். மேலாளர் அந்தப் பத்து நிமிடத்துக்கு வாடிக்கையாளர்களிடம் தானே போய்ப் பேச வேண்டும்.

"அது பழைய அந்த பேங்க் அக்கவுண்ட், அவங்ககிட்ட கேளுங்க" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதும் கூடாது. பாஸ்புக்கையும் காசோலைப் புத்தகத்தையும் மாற்றச் சொன்னதிலேயே பென்ஷன் வாங்கும் பெரியவர் குழம்பிப் போயிருப்பார்.

ஒரே தெருவில் இருந்த இரண்டு கிளைகளை ஒன்றாக்கும்போது, மூடப்பட்ட கிளையிலிருந்து வந்தவர்களை உள் அறையில் ஃபைல் வேலைக்குப் போடுகிறார்கள். அந்த வாடிக்கையாளர்களை முகம் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்! முதல் சில மாதங்களாவது அவர்கள் கவுன்டரில் இருக்க வேண்டும்.

பழைய வங்கியின் வாட்ஸ்அப் குழு நட்புக்காகத் தொடரட்டும். கிளை வேலை சம்பந்தமான தகவல் அதில் மட்டும் ஓடினால் பாதிப்பேருக்குச் செய்தியே போய்ச் சேராது. இடமாற்ற வதந்தியும் அங்கேதான் பிறக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் யார் மேலே, யார் கீழே என்பது தலைமை அலுவலகம் முடிவு செய்வது. அதில் குறை இருந்தால் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். பக்கத்து சீட்டுக்காரரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் பட்டியல் மாறாது.