எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சேலத்தில் வாங்காதீர்கள்

ஆகஸ்ட் பிறந்தால் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் யாராவது ஒரு பிள்ளை கையில் பட்டியலோடு வந்துவிடும். "மாமா, நீங்க அங்க இருந்தவங்க, இது சரியான்னு பாருங்க." புளி, இட்லிப் பொடி, தட்டுவடை எல்லாம் சரி. நடுவில் 'யுஎஸ்பி வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் அடித்துவிடுவேன்.

நானும் ஒரு காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய பாக்ஸோடுதான் லண்டனில் போய் இறங்கினேன். வாடகை அறையில் கட்டிலுக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் அடாப்டர், அடாப்டரில் நம் ஊர் பாக்ஸ். மூன்றாம் வாரம் பாக்ஸின் துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தது. எந்த நாட்டு பிளக்கும் நுழைகிற துளை எந்த பிளக்கையும் இறுக்கிப் பிடிக்காது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறும்.

பிரிட்டனில் இன்னொரு விஷயமும் உண்டு. அங்கே சுவர்ப் பாயிண்டுகள் பெரும்பாலும் 32 ஆம்பியர் பிரேக்கருக்குக் கீழே ஒரே வளையமாக ஓடும். அவ்வளவு பெரிய பிரேக்கர் மெல்லிய வயரைக் காப்பாற்றாது, அதனால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு ஃபியூஸ் இருக்கும். நம் பிளக்கில் அது கிடையாது, மலிவான அடாப்டரிலும் இருக்காது. வயர் கட்டில் காலில் நசுங்கி ஷார்ட் ஆனால், பாக்ஸில் உள்ள ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே, முதல் இரண்டு நாளுக்கு ஃபியூஸ் உள்ள ஒரு நல்ல அடாப்டர் போதும். பாக்ஸை அங்கே போய் வாங்குங்கள். பிளக்கில் 'பிஎஸ் 1363' என்ற பிரிட்டிஷ் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். அமெரிக்கா என்றால் பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் 'யுஎல்' அல்லது 'ஈடிஎல்' முத்திரை, கனடாவில் 'சிஎஸ்ஏ' முத்திரையும் பார்க்கலாம். விடுதியில் தங்குபவர்கள் வாங்குவதற்கு முன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் சர்ஜ் பாதுகாப்பு (திடீரென எகிறும் மின்னழுத்தத்திலிருந்து காப்பு) இல்லாத பாக்ஸை அனுமதிக்க மாட்டார்கள்.

அடுத்து யுஎஸ்பி. ஏமாறுவது இங்கேதான். முன்பக்கம் பெரிதாக 'நான்கு போர்ட்' என்று இருக்கும். பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் 'மொத்தம் 5 வோல்ட், 3.4 ஆம்பியர்'. பெருக்கிப் பாருங்கள், 17 வாட். நான்கு பேர் அறையில் நான்கு போனும் செருகினால் ஆளுக்கு 4 வாட்தான் வரும், நிறைய பல மணி நேரம் ஆகும். '65 வாட் டைப்-சி' என்று போட்டிருந்தாலும் அது ஒரு போர்ட்டுக்கா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பலவற்றில் லேப்டாப்போடு போனையும் செருகிய உடனே லேப்டாப்புக்குப் போவது குறைந்துவிடும். என் வழி இது: லேப்டாப்புக்கு அதன் சார்ஜர், போனுக்கும் வாட்ச்சுக்கும் பாக்ஸின் போர்ட். போர்ட் பழசாகிப் போனாலும் பாக்ஸ் மிச்சம் இருக்கும்.

ஹீட்டர், கெட்டில், ரைஸ் குக்கர் எல்லாம் நேராகச் சுவரில்தான். அமெரிக்கப் பாக்ஸ் 15 ஆம்பியர், 120 வோல்ட். அதிகபட்சம் 1800 வாட். குளிருக்கு வாங்கும் ஹீட்டரே 1500 தின்றுவிடும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைக் கோர்க்கவே கூடாது. மிக்ஸியா? பிரிட்டனில் நம் மிக்ஸி ஓடும். அமெரிக்காவில் சட்னிக்குப் பதில் முனகல்தான் வரும், 110 வோல்ட் மிக்ஸி தேடுங்கள்.

சர்ஜ் பாதுகாப்பு என்றால் என்ன என்று ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடை இடிக்கு டிவி பிளக்கைப் பிடுங்கி வளர்ந்தவர்கள். பாக்ஸுக்குள் வில்லை மாதிரி ஒரு பாகம் இருக்கிறது. மின்னழுத்தம் எகிறினால் அதிகப்படியைத் தான் வாங்கித் திருப்பிவிடும். அடி வாங்க வாங்கத் தேயும். பாதுகாப்பைக் காட்டும் விளக்கு அணைந்துவிட்டால், பாக்ஸில் கரண்ட் வந்தாலும் அது வெறும் எக்ஸ்டென்ஷன்தான். மாற்றிவிடுங்கள். நேரடி மின்னலை எந்தப் பாக்ஸும் தாங்காது, அங்கேயும் பிளக்கைப் பிடுங்குவதுதான் வைத்தியம்.

அந்த வில்லை என்னை ஒரு தடவை பதம் பார்த்தது. லண்டனுக்கு அப்புறம் நியூ ஜெர்சியில் இருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது அங்கே வாங்கிய பாக்ஸையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். சார்ஜர்களில் எல்லாம் '100-240' என்று இருந்ததால் பாக்ஸின் முதுகைப் பார்க்கவில்லை. ஹாலில் செருகி சுவிட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை, வீடே இருட்டு. திருப்பிப் பார்த்தால் '125 வோல்ட்' என்று அழகாக அச்சடித்திருந்தது. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு அளவெடுத்த வில்லை நம் ஊர் 230ஐப் பார்த்ததும் வெடித்துவிட்டது. ஆகவே, திரும்பி வரும்போது உங்கள் பாக்ஸை அடுத்து வந்து இறங்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.