தட்-டுக்கு முன்னால் எந்த வினை?

ஆங்கிலத்தில் எழுதும் என் ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வுப் பகுதியில், அதாவது பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இடத்தில், வரிக்கு வரி ‘செட் தட்’ (said that, ‘என்று சொன்னார்’) என்றே வந்துகொண்டிருந்தது. அலுப்புத் தட்டியதால் வினைகளை மட்டும் தனியே எடுத்து வைத்துச் சரிபார்த்தேன்.

முதலில் இலக்கணம். தமிழில் ‘என்று’ எதோடும் ஒட்டிக்கொள்ளும்; என்று விவாதிக்கிறார், என்று விவரிக்கிறார், எல்லாம் சரி. ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’, ‘டிஸ்க்ரைப்’ இரண்டுக்கும் பின்னால் தட் வராது, நேராகப் பெயர்ச்சொல்தான். ‘டெல்’ (tell), ‘இன்ஃபார்ம்’, ‘கன்வின்ஸ்’ என்றால் யாரிடம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தட்-டுக்குப் போக வேண்டும். ‘அக்கார்டிங் டு’ (இன்னாரின் கருத்துப்படி) போட்டால் தட்-டே வேண்டாம்.

அப்புறம்தான் சுவாரசியமான இடம். ‘ஷோ’, ‘டெமான்ஸ்ட்ரேட்’ என்று எழுதினால் அந்த முடிவை நானும் ஏற்கிறேன் என்று பொருள். ‘க்ளெய்ம்’ என்றால் பொறுப்பு முழுவதும் அதைச் சொன்ன ஆய்வாளர் தலையில், எனக்குச் சந்தேகம் என்ற வாடையும் சேர்ந்தே வரும். ‘ஆர்க்யூ’ அப்படியில்லை, காரணம் காட்டி வாதிடுகிறார், அவ்வளவுதான். ‘சஜஸ்ட்’ (இப்படி இருக்கலாம் என்று காட்டுவது) தரவு உறுதியாக இல்லாதபோது கைகொடுக்கும். ஐம்பது பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு எதையும் ‘ப்ரூவ்’ செய்யாது, ‘சஜஸ்ட்’ செய்யும். ‘ப்ரூவ்’ கணிதக்காரர்கள் சொத்து, நான் அதைத் தொடுவதே இல்லை.

வினையின் காலமும் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட ஆய்வின் கண்டுபிடிப்புக்கு இறந்தகாலம், ‘ஃபவுண்ட் தட்’. இன்றும் நிற்கும் வாதத்துக்கு நிகழ்காலம், ‘ஆர்க்யூஸ் தட்’. இப்படி மாற்றியபின் ‘செட் தட்’ நேர்காணல் மேற்கோள்களில் மட்டும் மிஞ்சியது.