லினக்ஸில் லேன் கார்டு காணவில்லையா? முதலில் பவர் வயரைப் பிடுங்குங்கள்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் டெஸ்க்டாப்பில், மதர்போர்டிலேயே உள்ள லேன் கார்டு (வயர் வழியாக இணையம் தரும் பாகம்) திடீரென லினக்ஸில் காணாமல் போனால், டிரைவர் தேடி அலையும் முன் இதைச் செய்யுங்கள்: ஷட் டவுன் செய்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் வயரைச் செருகி, விண்டோஸ் பக்கம் போகாமல் நேராக லினக்ஸைத் திறங்கள்.

வெறும் ரீஸ்டார்ட் போதாது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அணைத்த பிறகும் சில போர்டுகளில் லேன் போர்ட் விளக்கு மினுக்குவது அதனால்தான். விண்டோஸ் டிரைவர் தூங்க வைத்த சிப், அந்த மின்சாரத்தில் அதே நிலையிலேயே கிடக்கலாம். லினக்ஸ் எழுப்பினாலும் எழாது. மின்சாரம் முழுக்க வடிந்தால் சிப் புதிதாகத் தொடங்கும். தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (சீக்கிரம் திறப்பதற்காக முழுதாக அணையாமல் வைக்கும்) வசதியை அணைத்துவிடுங்கள்.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்தால் ஈதர்நெட் கன்ட்ரோலர் (Ethernet controller), அதாவது லேன் சிப், என்று ஒரு வரி வருகிறதா? அப்படி வந்தும், வயரைப் பிடுங்கியும் சரியாகவில்லை என்றால், டிரைவர் கோளாறாக இருக்கலாம். போனின் இணையத்தை யூஎஸ்பி வயர் வழியே கம்ப்யூட்டருக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கில் போனை இணைத்து, அந்த இணையத்திலேயே கர்னலை (டிரைவர்களும் அடங்கிய லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பித்துப் பாருங்கள். அந்த வரியே வராமல், மேலே சொன்னதும் பலிக்கவில்லை என்றால், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புகளில்) ஆன்போர்டு லேன் அணைந்திருக்கிறதா பாருங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் லேப்டாப்பில் வயரைப் பிடுங்குவது மட்டும் போதாது.