ஆனையிறவுத் தண்ணீரை ரயில் மேசையில் கொண்டுவருவது எப்படி

1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. அதன் பிறகு ஒருமுறை யாழ்தேவியில் ஜன்னலோரம் இருந்து ஆனையிறவு நீரேரியைக் கடந்தேன். அன்றே நினைத்துவிட்டேன், வீட்டில் நான் மாதிரி ரயில் ஓட்டும் மேசையில் இந்தத் தண்ணீர் இருக்கவேண்டும் என்று. அது நீலத் தண்ணீர் இல்லை. கரையில் உப்புப் பூத்த வெள்ளை, அதை ஒட்டிச் சேற்றுச் சாம்பல், தள்ளிப் போகப் போகப் பச்சை கலந்த மண்ணிறம். தண்ணீருக்காக ஊற்றும் ரெசின், அதாவது ஹார்ட்னர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் இறுகும் தெளிந்த திரவம், வெறும் கண்ணாடி மாதிரித்தான். தண்ணீரின் நிறம் அடித்தளத்தில் இருக்கிறது.

பலகை, தண்டவாளம், அணைக்கட்டு எல்லாம் முடித்திருப்பீர்கள். நேரே தண்ணீருக்கு வருகிறேன். என் மேசை 1:76 அளவு, அதாவது எல்லாம் அசலில் 76இல் ஒரு பங்கு.

முதலில் நீர்மட்டக் கருவி வைத்துப் பலகையைச் சரிபாருங்கள். ரெசின் தானாகவே மட்டமாகும். பலகை சரிந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகிவிடும். பிறகு புட்டி பூசி, அக்ரிலிக் பெயின்ற் அடியுங்கள். நடுவில் கடுமையான நிறம், கரைக்கு வர வர வெளிறல். இரண்டு நிறமும் ஈரமாக இருக்கும்போதே பழைய தூரிகையால் தட்டிக் கலந்தால் கோடு தெரியாது. விலை கூடிய தூரிகை இதற்கு வேண்டாம். இரண்டு நாள் காயவிடுங்கள். புட்டியில் ஈரம் இருந்தால் குமிழி வரும்.

அடுத்தது ஓட்டை அடைப்பது. அவசரப்படாதீர்கள். நான் முதல்முறை இரவில் ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் மேசைக்குக் கீழே சீமெந்துத் தரையில் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ரெசின் இறுகிக் கிடந்தது. தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்க நானே துளைத்த வயர் ஓட்டையால்தான் இறங்கியிருந்தது. ரெசின் இறுக மணிக்கணக்காகும். அதற்குள் ஊசித் துளை இருந்தாலும் போதும், ஒழுகிவிடும். இப்போது இப்படிச் செய்கிறேன்: அறையை இருட்டாக்கி, மேசைக்குக் கீழிருந்து ரோர்ச் அடிப்பேன். மேலே வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டை. சிலிக்கன் வைத்து அடைத்து, மறுநாள் திரும்பவும் அடித்துப் பார்ப்பேன். மேசை விளிம்பில் வெறும் ரேப்பை நம்பவேண்டாம். பிளாஸ்ரிக் தகட்டைச் சிலிக்கனால் ஒட்டுங்கள்.

சரி, ஊற்றலாம். 60 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம் என்றால் 450 மில்லிலீற்றர் வேண்டும். அந்த 3 மி.மீ. அசலில் ஏறக்குறைய 23 செ.மீ. தண்ணீர். ஆழமில்லாத நீரேரிக்கு ஒரு படையே காணும். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் ஒன்று இறுகிய பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். தடிப்பாக ஒரேயடியாக ஊற்றினால் சூடேறி வெடிப்பு விழும், அடியில் ரிஜிபோம் (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகை) இருந்தால் அதுவும் உருகலாம்.

ரெசினையும் ஹார்ட்னரையும் போத்தலில் சொன்ன அளவுக்கே கலக்கவேண்டும். நிறையா, கன அளவா என்பதைக் கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. நிறை என்றால் டிஜிற்றல் தராசு வாங்குங்கள், கண்மதிப்பு சரிவராது. நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்கி, வேறு கோப்பையில் ஊற்றி மறுபடி கலக்குங்கள். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியது சரியாகக் கலந்திருக்காது; அது விழுந்த இடம் கடைசிவரை பிசுபிசுக்கும். நம் வெயிலுக்கு ரெசின் சீக்கிரம் இறுகும், அதனால் விடியற்காலையில் செய்யுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊற்றி முடிந்ததும் தூசி விழாமல் ஒரு பெட்டியால் மூடிவிடுங்கள்.

இறுகியபின் கிளொஸ் ஜெல்லை (காய்ந்தால் பளபளக்கும் தடித்த அக்ரிலிக் பசை) தூரிகையால் தட்டி அலை வையுங்கள். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள். 4 மி.மீ. அலை என்றால் அசலில் ஓரடி. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது நீரேரியில் எழுவது சிறு சுருக்கம்தான், அதுவும் ஒரே திசைக்கு. ஜெல் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளியும், பயப்படாதீர்கள்.

பிற்சேர்க்கை: கார்த்திகை மழையில் ஊற்றிய ஒரு தம்பி, மேலே பால் போல் பிசுக்குப் படிந்திருக்கிறது என்று கேட்டார். காற்றின் ஈரத்தால் வருவது அது. நன்றாக இறுகியபின் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். அலை வைப்பதற்கு முன்பே துடைக்கவேண்டும்.